அலமாரி ஆப் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்து வழி பிடியுங்கள்

தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கும் வாரத்திலும் கல்யாண சீசனிலும் மொரீஷியஸில் எங்கள் ரோஸ் ஹில் வீட்டுக்கு வரும் ஃபோன்களுக்குப் பெரும்பாலும் ஒரே வியாதிதான். இருக்கிற துணிமணிகளைப் படம் பிடித்து, வகை பிரித்து, எந்த நாளுக்கு எதை உடுத்துவது என்று திட்டம் போடும் ஆப் ஒன்றை ஆசை ஆசையாக இறக்கியிருப்பார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு "நிறம் மாறுது", "புடவையைக் காணோம்", "ஜனவரி மாசத்துல ஸ்வெட்டர் போடச் சொல்லுது" என்று புகார் வரும். நாத்தனார்கள், கோவிலில் பழக்கமானவர்கள், பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட வரும் அம்மாக்கள் என்று பலருக்கும் பார்த்துக் கொடுத்ததில் ஒன்று தெரிந்துவிட்டது. ஆப் கெட்டுப்போவது அபூர்வம். ஒன்று படம் சரியாக இருக்காது, இல்லாவிட்டால் ஆப்பில் எழுதியிருப்பதும் அலமாரியில் கிடப்பதும் ஒத்துப்போகாது. வேறு ஆப்புக்குத் தாவுவதும் சந்தா கட்டுவதும் கடைசி மருந்து.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது பின்னால். எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒரு நிபந்தனை உண்டு: கோளாறு இன்னதென்று தெரியும்வரை ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். "டெலீட் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். படங்களை ஃபோனுக்குள் மட்டும் வைத்திருக்கும் ஆப்பாக இருந்தால், அந்த ஒரு தட்டலில் மொத்த அலமாரியும் போய்விடும்.

## நிறம் மாறித் தெரிகிறது

முதல் சோதனை: துணியைப் பகல் நேரத்தில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அதே படத்தை மூன்று இடத்தில் பாருங்கள். ஆப்பில் ஒரு தடவை, ஃபோனின் கேலரியில் ஒரு தடவை, வேறொருவர் ஃபோனில் ஒரு தடவை.

### உங்கள் ஃபோனில் மட்டும் மாறித் தெரிந்தால்

படம் நன்றாகத்தான் இருக்கிறது, திரைதான் ஏமாற்றுகிறது. ஐஃபோனில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் இரண்டையும் அணையுங்கள். சாம்சங்கில் ஐ கம்ஃபர்ட் ஷீல்டை அணைத்துவிட்டு, திரை அமைப்பை விவிடிலிருந்து நேச்சுரலுக்கு மாற்றுங்கள். இதோடு பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

### கேலரியில் சரி, ஆப்பில் மட்டும் தவறு என்றால்

ஆப் தானாக "அழகூட்டும்" வேலை ஏதோ செய்கிறது. அமைப்புகளில் ஆட்டோ என்ஹான்ஸ் போல ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை ஏற்றியிருந்தாலும் அது சுருக்கப்பட்ட படம், அதில் சரிகை நூல் நூலாகத் தெரியாது. அனுப்புகிறவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே வரும்.

### எல்லா இடத்திலும் தவறு என்றால்

எடுத்த வெளிச்சம் சரியில்லை. ஜன்னல் வெளிச்சமும் விட்டத்து விளக்கும் ஒன்றாக விழுந்தால் துணியின் ஒரு பக்கம் நீலம் பூசியும் மறுபக்கம் மஞ்சள் பூசியும் வரும். எதை நம்புவது என்று கேமராவுக்கும் தெரியாது. விளக்கை அணையுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் கட்டில்மேல் விரித்து, துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். பிறகு படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை எடிட்டில் வார்ம்த், டின்ட் இரண்டையும் நகர்த்தினால் துணியும் தன் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு படத்திலிருந்து தாள் இருக்கும் ஓரத்தை வெட்டிவிடலாம்.

காவடித் துணிக்குத் தனியாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் காவடிக்குப் பெரும்பாலும் அடர் ரோஜா நிறம். அந்த நிறத்தைக் கண்டாலே ஃபோன் கேமரா தடுமாறும். படத்தில் மடிப்பு, நெசவு எதுவும் தெரியாமல் ரோஜா நிறத்தில் ஒரு அட்டை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். திரையில் துணிமேல் விரல் வைத்தால் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும். அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக வந்தாலும் மடிப்பு தெரியும். ஆப் அதை "ஊதா" என்று எழுதிக்கொண்டால் கையால் மாற்றிவிடுங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஊடும் பாவும் வேறு வேறு நிறமாக நெய்த பட்டில் எந்தப் படமும் பொய்தான். மயில்கழுத்து நிறத்தை நேரே பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலம். இரண்டு கோணத்தில் இரண்டு படம் எடுத்து ஒரே பொருளின் கீழ் போடுங்கள். எம்.எஸ். நீலம், அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று நம் வாயில் வரும் பெயரையே குறிப்பில் எழுதுங்கள். ஆப் தரும் பன்னிரண்டு வண்ண வட்டத்தில் அரக்குக்கு இடமில்லை.

இந்த அறிகுறிக்காக வெளியாள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. லென்ஸில் கீறல் விழுந்து எல்லாப் படமும் மங்கலாக வந்தால் மட்டும் ஃபோன் கடை. அதற்கும் முன்னால் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். சமையலறையில் புழங்கும் ஃபோனில் எண்ணெய் விரல்தான் அடிக்கடி குற்றவாளி.

## பின்புலத்தை வெட்டும்போது கரையும் முந்தானையும் சேர்ந்து போகிறது

துணியும் அதன் பின்னால் இருப்பதும் ஒரே நிறமாக இருப்பதுதான் முதல் காரணம். வெள்ளைச் சுவரில் மாட்டிய சந்தன நிறப் புடவை, கறுப்பு சோஃபாவில் போட்ட கருநீலச் சுடிதார், இவற்றில் எல்லை எங்கே என்று மென்பொருளுக்குப் புரியாது. வெளிர் துணிக்கு அடர்நிறப் போர்வை, அடர் துணிக்கு வெள்ளைப் போர்வை. பூப்போட்ட போர்வை எதற்கும் உதவாது.

அடுத்த காரணம் மெல்லிய துணி. ஷிஃபான் துப்பட்டா, ஆர்கன்சா புடவை இவற்றில் பின்னால் இருப்பது தெரியும், அதனால் நடுவில் ஓட்டை விழும். இரண்டாக மடித்து எடுங்கள். அப்படியும் வராவிட்டால் வெட்டாமலே விட்டுவிடுங்கள். பின்புலத்தோடு இருக்கும் படத்தை யாரும் குறைசொல்லப் போவதில்லை.

புடவையை ஹேங்கரில் மாட்டி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கீழே மூன்றில் ஒரு பங்கு தெரியாது, தெரிவதும் சுருங்கிக் கிடக்கும். நீளவாக்கில் மடித்து, உடல் பகுதி, கரை, முந்தானை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிறமாதிரி வைத்து நேர்மேலிருந்து எடுங்கள். பத்துப் புடவையை எடுத்து முடித்த பிறகு அத்தனையும் ஒரே வடிவத்தில் இருப்பதால் கண்ணுக்கு ஒப்பிடச் சுலபம்.

ஆப்பின் வெட்டு மோசமாக இருந்தால் ஐஃபோன்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஐஓஎஸ் 16 முதல், எக்ஸ்எஸ் மாடலிலிருந்து மேலே உள்ள ஃபோன்களில், ஃபோட்டோஸில் படத்தைத் திறந்து துணிமேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது தனியாகப் பெயர்ந்து வரும். நகல் எடுத்து ஆப்பில் ஒட்டலாம். "வெட்டும் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று கேட்கும் ஆப்களுக்கும் இதுதான் பதில்.

## தேடினால் கிடைக்கவில்லை

பொருள் உள்ளேதான் இருக்கும், வேறு பெயரில் இருக்கும். புடவையைத் தானாக வகைப்படுத்தச் சொன்னால் சில ஆப் "ட்ரெஸ்" என்கிறது, மடித்த புடவையை "ஸ்கார்ஃப்" என்கிறது, வேட்டியை "ஸ்கர்ட்" என்றும் சொல்லும். தேடுவதற்கு முன் எல்லா வடிகட்டிகளையும் நீக்குங்கள். "நீலம்" என்ற வடிகட்டி பழையபடி இருந்தால் சிவப்புப் புடவை எப்படி வரும்?

அடுத்து எழுத்து. ஒரு நாள் "புடவை", மறுநாள் "சேலை", அவசரத்தில் ஆங்கில எழுத்தில், வீட்டுக்காரர் ஏற்றியபோது நம் தீவின் கிரியோல் மொழியில் என்று எழுதியிருந்தால் தேடல் நான்கையும் நான்கு பொருளாகத்தான் பார்க்கும். ஒரு சொல்லை முடிவு செய்து, வீட்டில் எல்லோரும் அதையே எழுதுங்கள். வகை சேர்க்கும் வசதி இருந்தால் புடவை, ரவிக்கை, உள்பாவாடை, வேட்டி என்று நீங்களே நான்கு வகை சேர்த்துவிடுங்கள். அந்த வசதியே இல்லாத ஆப்பில் மட்டும்தான் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். வேரிங், ஏக்ளோசெட் போன்றவை ஐஃபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு. முதலில் பத்துத் துணியை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## ஜனவரியில் ஸ்வெட்டர், ஜூலையில் ஸ்லீவ்லெஸ்

இந்த ஆப்களைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பூமியின் வடபாதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜனவரி குளிர். நமக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் புழுக்கமும் புயலும், மே முதல் அக்டோபர் வரை குளிர்ச்சி. இலையுதிர், வசந்தம் என்ற பிரிவுகளுக்கு இங்கே வேலையே இல்லை.

### மாதத்தை வைத்துப் பரிந்துரை வந்தால்

துணிகளுக்குத் தானாக விழுந்த பருவக் குறிச்சொற்களைப் பாருங்கள். அமைப்புகளில் தென்பாதி என்று மாற்றும் இடம் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறிச்சொற்களை ஒட்டுமொத்தமாக அழித்துவிடுங்கள். தவறான குறிச்சொல்லைவிட குறிச்சொல் இல்லாதது மேல்.

### வானிலையை வைத்தும் தவறாக வந்தால்

இட அனுமதியைத் திறந்து, "துல்லியமான இடம்" என்பதை இயக்குங்கள். அது அணைந்திருந்தால் ஆப் தோராயமாக ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளும். நம் தீவில் அந்த வட்டத்துக்குள் இரண்டு தட்பவெப்பம் இருக்கிறது. க்யூர்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. போர்ட் லூயி கடலோரத்தில் வியர்க்கிறது. என் சின்ன நாத்தனார் க்யூர்பிப்காரி. "அண்ணி, இங்க மழை கொட்டுது, இது காட்டன் புடவை கட்டச் சொல்லுது" என்று ஃபோனை நீட்டினாள். பார்த்தால் ஊர் போர்ட் லூயி என்று இருந்தது.

ஊரைக் கையால் மாற்றுவது எளிது. ஆனால் மேட்டில் குடியிருந்து கீழே வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் போதாது. காலையில் மெட்ரோ ஏறும்போது ஜாக்கெட் வேண்டும், இறங்கும்போது அது சுமை. அவர்களுக்கு நான் பருவத்தையே விட்டுவிட்டு "மேடு", "கரை" என்று இரண்டே குறிச்சொல் போட்டுக் கொடுக்கிறேன். நடுப்பகலில் எங்கே இருப்பீர்களோ அந்தக் குறிச்சொல்லில் உடை, மேலே ஒன்று கூடுதலாக. ஆப்பின் செயற்கை அறிவுப் பரிந்துரை இந்தக் கணக்கை என்னிடம் ஒரு தடவைகூடச் சரியாகப் போட்டதில்லை. அதற்காகக் கூடுதல் சந்தா கேட்டால் கொடுக்காதீர்கள்.

## ஆப் "இருக்கு" என்கிறது, அலமாரியில் இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். இங்கே ஃபோனில் எந்தக் கோளாறும் கிடையாது, நேராக வீட்டைச் சோதிக்கவேண்டும். முதலில் எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பில் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் துணியைத் தேர்ந்தெடுத்து, எழுந்துபோய்க் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று காணாவிட்டால் பரவாயில்லை, கீழே உள்ளதைப் படித்தால் போதும். மூன்று நான்கு காணாவிட்டால் பட்டியலே பழசாகிவிட்டது, தட்டு தட்டாகச் சரிபார்க்க வேண்டும்.

### துவைக்கப் போயிருக்கிறது

அழுக்குக் கூடையில், கொடியில், இஸ்திரிக் குவியலில், ட்ரை கிளீனிங் கடையில் எங்காவது இருக்கும். மேட்டுப் பகுதியில் ஜூலை மாதம் கொடியில் போட்ட ஜீன்ஸ் மறுநாளும் ஈரமாகவே தொங்கும். ஆப்புக்கு அது தெரியாது. நேற்று உடுத்தியதாகப் பதிந்ததையே நாளைக்கும் பரிந்துரைக்கும்.

இதற்காகச் சிலர் துவைக்க, இஸ்திரிக்கு, கடையில், டெய்லரிடம், இரவல் என்று தனித்தனிக் குறிச்சொல் செய்து வைக்கிறார்கள். ஒரு வாரம் ஒழுங்காக மாற்றுவார்கள், பிறகு ஒன்றையும் தொடமாட்டார்கள். "வெளியே" என்று ஒரே ஒரு குறிச்சொல் வையுங்கள். எங்கே என்பதைக் குறிப்பில் இரண்டு சொல்லில் எழுதுங்கள். தினமும் உடுத்தும் சட்டை, டீஷர்ட்டுக்கு இந்தக் குறிச்சொல்லே வேண்டாம், அவை தாமாகத் திரும்பி வந்துவிடும். பட்டு, கோட்டு, விசேஷத் துணி, யூனிஃபார்ம் இவற்றுக்கு மட்டும் போட்டால் கை சலிக்காது.

### யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள்

அக்கா, தங்கை, ஓரகத்தி என்று புடவை ஊர்சுற்றும். கொடுக்கும்போதே ஆப்பிலுள்ள படத்தை அவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "இது உங்ககிட்ட" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். யார் வீட்டில் இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்துச் சண்டை வராது. கேட்பதும் கூச்சமாக இருக்காது.

### புடவை இருக்கிறது, கட்ட முடியவில்லை

திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஆப்பில் புடவையையும் ரவிக்கையையும் ஒரே படமாக, ஒரே பொருளாக ஏற்றியிருப்பீர்கள். புடவை அலமாரியில் பத்திரமாக இருக்கும். ரவிக்கை டெய்லரிடம் இருக்கும், அல்லது போன வருஷத்து அளவில் இருக்கும். "தயார்" என்று ஆப் காட்டும், கல்யாணத்தன்று காலையில் கொக்கி எட்டாது.

ரவிக்கையைத் தனிப் பொருளாக ஏற்றுங்கள். படம் எடுக்கும்போது ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்பி, பக்கத் தையலை ஒரு கிட்டப் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். டெய்லர் உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைத்திருக்கிறார், எத்தனை வரிசைத் தையல் ஓடியிருக்கிறது என்று அதில் தெரியும். இரண்டு வரிசை தெரிந்தால் ஒன்றைப் பிரித்து வீட்டிலேயே இளக்கிவிடலாம். விளிம்பை ஒட்டி ஒரே தையல் என்றால் பிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் படத்தை டெய்லருக்கு அனுப்பினால் நேரில் போகாமலே "முடியும், முடியாது" என்று சொல்லிவிடுவார். குறிப்பில் தைத்த மாதமும் வருஷமும்.

பிறகு நாள்காட்டியில் விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னால் "ரவிக்கை போட்டுப் பார்" என்று ஒரு நினைவூட்டல். இளக்கும் வேலைக்கு டெய்லரிடம் போகவேண்டிய கடைசி எல்லை அதுதான். காவடிக்கு முந்தின வாரம் எந்த டெய்லரும் கைவேலைக்கு நேரம் தரமாட்டார். அதற்குள் புது ரவிக்கை தைப்பது நடக்காத காரியம். அதே நிறத்தில் வேறு எந்த ரவிக்கை பொருந்தும் என்று ஆப்பில் தேடுவதுதான் அப்போது வழி, தனித்தனியாக ஏற்றியவர்களுக்கு மட்டும்.

### ஒன்றே இரண்டாக இருக்கிறது, அல்லது வேறு வீட்டில் இருக்கிறது

ஒரே குர்தாவை இரண்டு தடவை படம் பிடித்திருப்பீர்கள். ஒன்றைத் தானமாகக் கொடுத்ததாகக் குறித்துவிட்டு மற்றதை மறந்திருப்பீர்கள். நிறம் வாரியாக அடுக்கிப் பார்த்தால் இரட்டைகள் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். மாமியார் வீட்டுப் பெட்டியில் இருப்பதற்கு "பெட்டி" என்று ஒரு இடப்பெயர் போதும்.

தட்டு தட்டாகச் சரிபார்ப்பதை ஒரே நாளில் செய்ய உட்காராதீர்கள். ஒரு மாலைக்கு ஒரு தட்டு. காத்ர் போர்ன் சந்தைக்கு வியாழனோ ஞாயிறோ துணி வாங்கப் போவதற்கு முந்தின மாலை என்று வைத்துக்கொண்டால், ஏற்கெனவே இருக்கும் கறுப்பு லெக்கிங்ஸையே திரும்ப வாங்குவதும் நிற்கும். அலமாரி அடுக்கித் தரும் தொழில்முறை ஆட்கள் இருக்கிறார்கள். வீடு மாறும்போது, அல்லது ஒருவர் காலமான பின் அவருடைய துணிகளைப் பிரிக்கும்போது அவர்களுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. பட்டியல் பழசானதற்கு மட்டும் ஆள் வைத்தால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான்.

## நேற்று இருந்த படங்கள் இன்று இல்லை

பதறி எதையும் அழுத்தாதீர்கள். வரிசையாகப் பாருங்கள்.

### பழைய ஃபோனில் இருக்கிறது, புதியதில் இல்லை

பத்துக்கு ஏழு தடவையாவது கணக்கு மாறியிருக்கும். முதலில் கூகுள் வழியாக நுழைந்திருப்பீர்கள், இப்போது ஆப்பிள் வழியாக. இரண்டும் இரண்டு கணக்கு, இரண்டாவது அலமாரி காலியாகத்தான் இருக்கும். ஆப்பிள் வழியாக நுழைகையில் மின்னஞ்சலை மறைக்கும் வசதியைத் தேர்ந்திருந்தால் உங்கள் பெயரே இல்லாத ஒரு முகவரியில் கணக்கு இருக்கும். பழைய ஃபோனில் ஆப்பின் ப்ரொஃபைல் பக்கத்தைத் திறந்து எந்த முகவரி என்று பார்த்து, அதே வழியில் புதியதில் நுழையுங்கள்.

கணக்கே கேட்காத ஆப் என்றால் படங்கள் பழைய ஃபோனில்தான் இருக்கின்றன. அதன் பேக்கப் வசதியைக் கொண்டு நகர்த்தவேண்டும். அதுவரை பழைய ஃபோனை விற்காதீர்கள், பிள்ளைக்கு விளையாடவும் கொடுக்காதீர்கள். ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறவர்கள் ஃபோன் வாங்குவதற்கு முன்பே பார்க்கவேண்டும். ஸ்டைல்புக் போன்ற சில ஆப்கள் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமே உண்டு.

### ஒரே ஃபோனில் சாம்பல் கட்டமாகத் தெரிகிறது

ஆப்புக்குக் கொடுத்த படம் பார்க்கும் அனுமதி "தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்" என்று இருக்கலாம். ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 14 முதலும் இந்த வழக்கம் வந்திருக்கிறது. அமைப்புகளில் முழு அனுமதி கொடுத்துப் பாருங்கள்.

அதிலும் வராவிட்டால் கேலரியைப் பாருங்கள். இடம் போதவில்லை என்று படங்களை அழித்தீர்களா? சில ஆப் படத்தின் நகலை வைத்துக்கொள்ளாமல் கேலரியில் இருப்பதைச் சுட்டிக்காட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். அங்கே அழித்தால் இங்கே சாம்பல். ஐஃபோனில் "சமீபத்தில் நீக்கியவை" என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை இருக்கும். அதற்குள் மீட்டுவிடலாம்.

### ஒரு நாளுக்குப் பிறகு ஏற்றியவை மட்டும் இல்லை

இடம் நிரம்பிவிட்டது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஃபோட்டோஸ், ஜிமெயில், டிரைவ் மூன்றும் பங்குபோடுகின்றன. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேருகின்றன. மாமா அனுப்பும் காலை வணக்க வீடியோக்களை முதலில் அழியுங்கள், புடவைப் படம் ஒவ்வொன்றும் அதற்கு முன்னால் தூசு. அழித்தும் போதாவிட்டால்தான் மாதக் கட்டணத்தைப் பற்றி யோசிப்பது.

### ஃபோனே உயிரை விட்டுவிட்டது

இது கடைக்காரர் வேலை. தண்ணீரில் விழுந்திருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். திரை மட்டும் உடைந்து உள்ளே மணி அடித்தால் திரை மாற்றினால் போதும், தரவு மீட்பு என்று பெரிய தொகை சொன்னால் வேறு கடையில் ஒரு தடவை விசாரியுங்கள். கொடுக்கும்போதே "எனக்கு உள்ளே இருக்கிற படங்கள் வேண்டும், ரீசெட் பண்ணாதீங்க" என்று சொல்லி, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். ரீசெட் ஆன ஃபோனிலிருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது.

ஃபோன் நன்றாக இருந்து, கணக்கும் சரியாக இருந்து, அனுமதியும் இருந்து, அப்போதும் படம் இல்லாவிட்டால் ஆப்காரர்களுக்கு எழுதுங்கள். கணக்கின் மின்னஞ்சல், ஃபோன் மாடல், ஆப்பின் பதிப்பு எண், கடைசியாகப் படம் தெரிந்த நாள், ஒரு ஸ்க்ரீன்ஷாட். இவ்வளவும் முதல் கடிதத்திலேயே இருந்தால் "மேலும் விவரம் தேவை" என்று இழுத்தடிக்க மாட்டார்கள்.

திரும்ப இந்தப் பாடு வேண்டாமென்றால், ஆப்பில் ஏற்றும் ஒவ்வொரு படத்தையும் கேலரியில் "அலமாரி" என்ற ஆல்பத்திலும் வையுங்கள். ஆப் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மூடிவிடுவார்கள்.

## இணையம் இல்லாவிட்டால் ஒன்றுமே திறப்பதில்லை

புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறும்போது எந்தப் புடவை என்று யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் மறுநாள் எச்சரிக்கை இறங்கி, கரன்ட் வராமல், கல்யாணம் மட்டும் தள்ளிப்போகாமல் நடக்கும். விசேஷங்களுக்குத் திட்டமிட்ட உடைகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆப்பில் ஆஃப்லைன் வசதி இருந்தாலும், விமான மோடில் போட்டு ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

## திட்டமிட்ட உடை ஒரு நாள் முன்னால் காட்டுகிறது

பிரான்ஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வரும் தொல்லை. நாம் உலக நேரத்துக்கு 4 மணி முன்னால் இருக்கிறோம், பாரிஸ் நம்மைவிட 2 அல்லது 3 மணி பின்னால். இங்கே நள்ளிரவு 12 என்று பதிந்தது அங்கே இறங்கியதும் முந்தின இரவு ஆகிவிடும். பக்கத்துத் தீவான ரெயூனியனுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை, ஒரே நேரம். நிகழ்வை "முழு நாள்" என்று மாற்றுங்கள். அது இல்லாத ஆப்பில் நேரத்தை நண்பகலாகப் போட்டால் பாரிஸிலும் தேதி மாறாது.

## எக்செலில் திறந்தால் தமிழ் குப்பையாகிறது

ஆப்பிலிருந்து பட்டியலைச் சிஎஸ்வி (CSV) என்ற வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கி எக்செலில் இரட்டைத் தட்டு தட்டினால் இப்படி ஆகும். மூன்று வகைக் குப்பை உண்டு.

தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தும் வட்டத்துக்குள் எழுத்துமாக வந்தால் தமிழ் உள்ளே பத்திரம். நம் ஊரில் பலர் இதைப் பார்த்து "பிரெஞ்சுக்கு மாறிடுச்சு" என்று மொழி அமைப்பை நோண்டுகிறார்கள், அதில் ஒன்றும் இல்லை. சேமிக்காமல் மூடுங்கள். காலி எக்செலைத் திறந்து, டேட்டா என்ற பகுதியில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கோப்பை எடுத்து, எழுத்துவகையில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் இந்தச் சுற்றும் வேண்டாம்.

சதுரக் கட்டங்களாக வந்தால் எழுத்துரு இல்லை. நிர்மலா அல்லது லதா எழுத்துருவுக்கு மாற்றுங்கள்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் யாரோ அதைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டார்கள், தமிழ் போயேபோய்விட்டது. எந்த நிபுணராலும் அதைத் திருப்ப முடியாது, காசு வாங்கிக்கொண்டு முயல்கிறேன் என்பவரை நம்பவும் வேண்டாம். ஆப்பிலிருந்து மறுபடி இறக்குவதுதான் வழி.

## "ஒரு தடவை உடுத்திய செலவு" தலைசுற்ற வைக்கிறது

விலையை உடுத்திய எண்ணிக்கையால் வகுத்துச் சில ஆப் ஒரு தொகை காட்டும். முதலில் நாணயத்தைப் பாருங்கள். பட்டியலில் ரூபாய் என்று தேடி இந்திய ரூபாயைத் தேர்ந்திருப்பீர்கள். சென்னையில் வாங்கியதை அந்த விலையிலும் இங்கே வாங்கியதை இந்த விலையிலும் போட்டிருப்பீர்கள். மொரீஷியஸ் ரூபாய்க்கு மதிப்பு அதிகம், இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்தால் கணக்கு கோணும். எல்லாவற்றையும் வாங்கிய நாளின் மாற்று விகிதத்தில் ஒரே நாணயத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, உடுத்தியதை நீங்கள் பதியாமல் விட்டிருப்பீர்கள். பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் எந்தப் புடவை எங்கே போனது என்று தெரியும், அந்தத் தேதிகளை ஏற்றிவிடலாம்.

அதன் பிறகும் காஞ்சிபுரம் பட்டு வரிசையின் உச்சியில் நின்று, "இதை விற்றுவிடலாமே" என்று ஆப் யோசனை சொல்லும். பட்டையும் காவடித் துணியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே தப்பு. "விசேஷம்" என்று தனி வகையில் ஒதுக்குங்கள். வகையைக் கணக்கிலிருந்து விலக்க முடியாத ஆப்பில் விலைக்கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் போதும்.